அம்மணி சாயம் குடிக்கவில்லை

ஆரணி,
மாசி மாதக் கடைசி, 1983.

அருணகிரிக்கு,

அனுப்ப மாட்டேன். நீ இன்னும் பத்துக் கடிதம் போட்டாலும், தந்தி அடித்தாலும், உன் மச்சானை அரக்கோணம் வரைக்கும் துணைக்கு வரச் சொன்னாலும், என் பேத்தி அம்மணியைப் பம்பாய்க்கு அனுப்ப மாட்டேன். ஆசீர்வாதம் எங்கும் ஓடிப்போகாது, கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் சண்டையை முடிப்போம்.

உன் கடிதத்தைக் கிருஷ்ணம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். மகன் திட்டுவதை மருமகள் வாயால் கேட்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. 'சாயக் கொப்பரையை மூடி வைக்கத் தெரியாத கிழவன்' என்கிற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண். 'சாயத்தைக் குடிக்கவிட்டு என் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தவன்' என்கிற இடத்தில் தாழ்த்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகவே படித்தாள்.

இப்போது இதை எழுதுவதும் அவள்தான். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு போயிற்று என்பது உனக்குத் தெரியும். நான் வாயில் வந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்காரி அதைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். எழுத்தில் நான் பெரிய மனிதன் மாதிரி இருப்பேன், பயந்துவிடாதே. முகத்தை மட்டும் அவளால் திருத்திக்கொள்ள முடியவில்லை. உர்ரென்று இருக்கிறது. ஏன் என்றால் டிரங்குப் பெட்டி கட்டி வைத்தாயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் அவள் எழுதித்தானே ஆக வேண்டும்? உனக்கு ஒரு டின் புளிக்காய்ச்சல், ஒரு டப்பா அதிரசம், நீ போன தீபாவளிக்கு அனுப்பிய அந்த மஞ்சள் புடவை. அதை இங்கே ஒரு நாளும் கட்டவில்லை. அங்கே வந்து கட்டுவதற்காம்.

பேனாவை வைத்துவிட்டு, "மாமா, ஒயுங்கா சொல்றதுன்னா சொல்லுங்க. எனக்கு அடுப்புல வேல கீது" என்கிறாள். அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள், பார்.

சரி, சாய விவகாரத்துக்கு வருகிறேன். உனக்கு இவள் எழுதியது அரைகுறை. முழுதையும் நான் சொல்கிறேன்.

தை பிறந்ததும் தறி முதலாளி சம்பந்தம் சாயத்துக்கு நிறைய நூல் கொண்டுவந்து போட்டான். இந்தத் தெருவில் பாதித் தறி அவனுடையது என்பது உனக்குத் தெரிந்ததுதான். எல்லாம் கல்யாணப் புடவைக்கு. அரக்குச் சிவப்பு. கொடியில் சிவப்பு, வாசலில் சிவப்பு, என் முழங்கை வரைக்கும் சிவப்பு. அந்தச் சமயத்தில் அம்மணிக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வராதா? கஷாயம் கொடுத்தோம். விடவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து வந்தாள். உதடு சிவப்பு, நாக்கு சிவப்பு, உள்ளங்கை இரண்டும் சிவப்பு. வேறு வீடாக இருந்தால் வேறு எதையாவது நினைத்திருப்பார்கள். சாயம் போடுகிறவன் வீட்டில் என்ன நினைப்பார்கள், நீயே சொல்.

நான் அவளைத் தூக்கிப்போய்த் தெரு நடுவில் நிறுத்தினேன். "சாயத் திருடியப் பாருங்கய்யா, வாயத் தொற, கையக் காட்டு" என்றேன். தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள். சம்பந்தம் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாய்யா இது, என் நூல்ல புடிக்காத சாயம் பாப்பா கையில இப்படிப் புடிச்சிருக்குது" என்றான். தெருவே சிரித்தது. அம்மணி, "நான் தொடல தாத்தா" என்றாள். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

அதற்கப்புறம் கிருஷ்ணம்மா புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை. பிள்ளை கையைத் தொடவிடாமல் கத்தினாள். அந்தக் கை வீங்கியிருந்தது. தேய்த்ததால் வீங்கியது என்று நினைத்துக்கொண்டோம். "தொடலன்னு பொய் வேற சொல்றியா" என்று முதுகில் நாலு வைத்தாள்.

பேனா நின்றுவிட்டது. எழுது அம்மா. மாமன் பங்கை எழுதினாய் இல்லையா, உன் பங்கையும் எழுது.

எழுதிவிட்டாள்.

எதைப் பார்த்தாலும் சாயமாகவே பொருந்தியது, அருணகிரி. கண் சிவந்தது, கொப்பரை ஆவி பட்டது என்றோம். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது, சாயம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றோம். உள்ளங்காலும் சிவந்தது, கொட்டின இடத்தில் மிதித்திருப்பாள் என்றோம். கழுத்தில் ஒரு பக்கம் கட்டி மாதிரி வீங்கியது, கத்திக் கத்தி வந்தது என்றோம். காய்ச்சலுக்கு என்ன சொல்வது? அடி வாங்கிய பயத்தில் வந்த காய்ச்சல் என்றோம். காய்ச்சல்தான் முதலில் வந்தது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. கொப்பரையை நான் மூடித்தான் வைத்திருந்தேன். மூடியின்மேல் ஒரு கருங்கல்லும் வைத்திருந்தேன். அதை எடுத்துவைக்க எனக்கே மூச்சு வாங்கும். அன்றைக்கும் அந்தக் கல் வைத்த இடத்திலேயே இருந்தது. பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பி எடுத்து வைத்திருக்குமா? கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு ஒன்றுதான் தோன்றியது.

காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிய பிறகு அனந்தகுமார் டாக்டரிடம் தூக்கிப்போனோம். பெரணமல்லூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, நல்ல மனிதர். சாயம் குடித்துவிட்டாள் என்றோம். "யாராவது பாத்தீங்களா? நிச்சயமா குடிச்சாளா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அம்மணியைக் கேட்டார். "குடிக்கல" என்றாள். கிருஷ்ணம்மா கையை ஓங்கினாள். அங்கேதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். "அம்மணி, குடிச்சேன்னு ஒத்துக்கோ. தாத்தா கமர்கட் வாங்கித் தரேன். அம்மா இனிமே அடிக்க மாட்டா" என்றேன். என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். "குடிச்சேன்" என்றாள். எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். "நெறைய" என்றாள்.

ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு டாக்டர் வேறு என்ன வைத்தியம் செய்வார்? மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், இவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே விட்ட தண்ணீர் விட்ட மாதிரியே வெள்ளையாக வெளியே வந்தது. "சாயம் எல்லாம் ஒடம்புல ஊறிடுச்சி சார், எங்க வேல அப்படி, லேசுல வெளுக்காது" என்று அங்கேயும் பெருமை பேசினேன். வரும் வழியில் கமர்கட் வாங்கிக் கொடுத்தேன். சொன்ன சொல் தவறக் கூடாது இல்லையா. உதடு வெடித்து ரத்தம் வந்துகொண்டிருந்ததால் அவளால் வாயில் வைக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். எறும்பு மொய்த்த பிறகுதான் பார்த்தோம்.

காய்ச்சல் தானாக விட்டது. சிவப்பும் வெளுத்தது. அதற்கப்புறம் விரல் நுனியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி சுருள் சுருளாக வந்தது. சாயத்தில் இருந்த ஆசிட் வேலையைக் காட்டுகிறது என்று இவள் உனக்குக் கடிதம் போட்டது அப்போதுதான். நீயும் அங்கிருந்து என்மேல் ஆசிட் ஊற்றிப் பதில் போட்டாய், பெண்டாட்டி பிள்ளைக்கு டிக்கெட்டும் வைத்து.

உன் பதில் வருவதற்குள் அனந்தகுமார் டாக்டர் இந்தப் பக்கம் வந்தவர் குழந்தையைக் கூப்பிட்டுப் பார்த்தார். கை விரலைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். கால் விரலிலும் தோல் உரிந்துகொண்டிருந்தது. "பெரியவரே, கால் வெரலாலயும் குடிச்சாளா?" என்று கேட்டார். கேலி என்றுதான் நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. சீட்டு எழுதிக் கொடுத்து, "வேலூருக்குப் போங்க, இன்னைக்கே போங்க" என்றார்.

வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்த்தது. மலையாளத்துப் பெண், ஆனால் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுகிறது. பிள்ளையை முழுக்கப் பார்த்துவிட்டு, சாயமே இல்லை என்றது. உடம்பில் இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் வீங்கிப் புண்ணாகிற ஒரு காய்ச்சலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும், லட்சத்தில் ஒன்றுக்கு வருமாம். ஏன் வருகிறது என்று அவர்களுக்கே தெரியாதாம். ஒரு ஜப்பான்காரன் கண்டுபிடித்து அவன் பெயரையே வைத்துவிட்டானாம். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. "ஜப்பான் நைலக்ஸ் பொடவைய அனுப்பி எங்க பட்டுல மண்ணப் போட்டது பத்தலன்னு இப்ப காய்ச்சலயும் அனுப்பிட்டானாம்மா?" என்று கேட்டேன். கிருஷ்ணம்மா சிரித்தாள். அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஆக, அருணகிரி, வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். என் கொப்பரைமேல் குற்றம் இல்லை. அம்மணி சாயம் குடிக்கவில்லை. தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று. நீ எனக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட வேண்டும். இவளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

மறுபடியும் பேனாவை வைத்துவிட்டாள். "அதான் சாயம் இல்லன்னு ஆயிடுச்சி. காய்ச்சலும் பூட்ச்சி. கொழந்த நல்லா ஆடிகினு கீது. அப்பறம் இன்னாத்துக்கு மாமா அனுப்ப மாட்டேங்கறீங்க? ஜெயிச்சவங்களுக்கு இன்னா கோவம்? அவர் அங்க ஒண்டியா வெந்ததும் வேகாததுமா தின்னுகினு கீறார்" என்கிறாள். நியாயமான கேள்விதான். வேலூரிலிருந்து வந்த நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறேன். பம்பாய்த் தண்ணீர் ஆகாது என்றேன். ரயிலில் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்றேன். அதெல்லாம் எடுபடவில்லை. போன வாரம், "உன் புருசன் மாதுங்கா கடையில பொடவையத் தோள்ல போட்டு, முந்தானைய விரிச்சி, சேட்டுப் பொண்ணுங்களுக்குக் காட்டிகினு குஷாலா கீறான். நீ போயி நடுவுல நின்னா பேஜாரு" என்று சொல்லிப் பார்த்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். இரண்டு நாள் சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டுப் போனாள். அவள் கண்ணைப் பார்த்தால் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அது போகட்டும், பெட்டி கட்டுவதை நிறுத்தினாளா? இல்லை.

இன்று காலையில் பெட்டியை ஒரு முறை பார்த்தேன். எல்லாம் இருந்தது. வேலூரில் கொடுத்த மாத்திரை மட்டும் இல்லை. மாடத்தில் அப்படியே கிடந்தது. கேட்டால், "தலவலி மாத்திரதான மாமா அது? கடையில கூட அததான் விக்கறான். தின்னா வயித்த வலிக்குதுன்னு அழுவுது. காய்ச்சலே இல்ல, இனிமே இன்னாத்துக்கு? நாலு நாளா நிறுத்திட்டேன்" என்றாள்.

அதனால்தான் இன்று அடுப்பில் வேலை இருந்தாலும் பரவாயில்லை என்று உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். வேலூர்ச் சீட்டைப் பார்த்த அனந்தகுமார் டாக்டர் தாமே உனக்கு எழுதுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். உனக்குச் சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை, நீ தூரத்தில் இருக்கிறாய். பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. உனக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் அவளும் கேட்டுக்கொள்வாள்.

கிருஷ்ணம்மா, நிதானமாக எழுது. அவசரம் இல்லை.

ஆரணியில் இன்னும் டி.வி. வரவில்லை. நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு வேலூரில் இவள் மருந்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அம்மணியை ஓர் இருட்டு அறையில் படுக்க வைத்து, நெஞ்சில் எதையோ பூசி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். பக்கத்திலே ஒரு பெட்டி. அதில் படம் ஓடியது. என்ன படம் என்று கேட்டேன். பிள்ளையின் நெஞ்சுதான் என்றார்கள். சாம்பல் நிறத்தில் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டு, "பெரியவரே, இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. இது இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய். நூல் மாதிரி ஒரே சீரா இருக்கணும். இங்க பாருங்க, ரெண்டு எடத்துல புடைச்சிகிட்டு

இதுக்கு மேல எழுதறது நான். எழுத்து கோணலாத்தான் இருக்கும், பாத்துப் படிச்சிக்கோ.

கிருஷ்ணம்மா எழுந்து பூட்டா. நான் சொல்ல ஆரமிச்சப்ப சிரிக்கறதுக்கு வாய ரெடியா வெச்சிகினு இருந்தா. கெழவன் எப்பவும் போல கடைசியில ஒரு தமாஷ் வெப்பான்னு. நான் வெக்கல. நிமுந்து என் மூஞ்சியப் பாத்தா. பேனாவ மூடி காயிதத்து மேல வெச்சா. அம்மணி வெளியில நொண்டி அடிச்சிப் பாண்டி ஆடிகினு இருந்துது. ஓடிப் போயி வாரி இடுப்புல வெச்சிகினா.

நான் பாதிதான்டா சொன்னேன். அந்த டாக்டரம்மா சொன்னது இன்னும் கீது. புடைச்ச எடத்துல ரத்தம் கட்டிக்கலாமாம். கட்டிட்டா ஒரு நிமிசம்தானாம். மாத்திரைய ஒரு வேள கூட வுடக் கூடாது, ஓட வுடக் கூடாது, ரொம்ப அழ வுடக் கூடாது. எதுனா ஆச்சின்னா ஒடனே தூக்கிகினு வரணும், வேலூர வுட்டு தூரம் போவாதீங்கன்னா. பம்பாயில பெரிய ஆஸ்பத்திரி கீதுன்னு நீ சொல்லுவ. நடுவுல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலுடா. ரயில்ல இன்னா கீது?

இதெல்லாம் கெட்டது. நல்லதும் ஒண்ணு சொன்னா. பாதிப் பிள்ளைங்களுக்கு அந்தப் புடைப்பு தானா சுருங்கிப் போயிடுதாம். வருசம் ஒண்ணு ரெண்டுல இருந்த எடமே தெரியாதாம். நல்லத கடைசியில சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கிருஷ்ணம்மா அது வரைக்கும் ஒக்காரல.

தெரு மொனையில புள்ளையார் கோயில் படியில ஒக்காந்துகினு கீறா. கொழந்தைய எறக்கி வுட மாட்டேங்கறா. அது ஆட்டத்துக்குப் போவணும்னு ஒதைக்குது, வீறிட்டுக் கத்துது. அழ வுடாதன்னு சொல்லலாம்னு கிட்ட போனேன். எழுந்து அந்தாண்ட நடந்தா. நான் நின்னா நிக்கறா. நான் ஒரு அடி வெச்சா அவளும் வெக்கறா. தொரத்திகினு போனா ஓடுவா, ஓடினா அது குலுங்கும். திரும்பி வந்துட்டேன்.

இனிமே நான் நல்லது சொன்னாலும் நம்ப மாட்டா. தமாஷுன்னு நெனச்சிக்குவா. நீ வாடா. லீவு தரலன்னா வேலைய வுட்டுட்டு வா. மீதிய நீ சொல்லு, உன் பேச்சுக்கு நிப்பா. என்னைய அப்பறம் எவ்ளோ வேணா திட்டிக்கோ.

அது கத்தறது இங்க வரைக்கும் கேட்டுகினே கீது. கேக்கட்டும், கேக்கற வரைக்கும் சரி. நல்லா இருடா. ஜல்தி வா.

உங்கப்பன்
சிவப்பிரகாசம்